‘ஸ்ட்ரிப் பண்ணட்டுமா’ என்று கேட்டார்கள், சரி என்றேன். இப்போது 1,450 ரேண்ட் கேட்கிறார்கள்

சாட்ஸ்வொர்த் 125:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு யாராவது வழி சொல்லுங்கள்.

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது 125 சிசி மோட்டார் சைக்கிள். ஏர் கூல்டு, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர். 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் ஹிகின்சன் ஹைவே வழியாக வேலைக்குப் போய் வருகிறேன். இரண்டு மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று ஒரு சத்தம். சூடானதும் குறைந்துவிடும். போன சனிக்கிழமை டர்பனில் ஒரு பட்டறையில் விட்டு, சர்வீஸ் செய்யுங்கள், இந்தச் சத்தத்தையும் பாருங்கள் என்றேன். கவுண்டரில் இருந்தவர் ஜாப் கார்டில் ‘மேஜர் சர்வீஸ், சத்தம்’ என்று எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. ‘ஸ்ட்ரிப் அண்ட் கோட் பண்ண வேண்டும், ஓகேவா?’ என்றார்கள். கோட் என்றால் விலை சொல்வது, அது தெரியும். ஸ்ட்ரிப் என்றால் சைடு கவரைக் கழற்றிப் பார்ப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டு ஓகே என்றேன். வியாழக்கிழமை அடுத்த போன். ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரையும் கழற்றிவிட்டார்களாம். சிலிண்டரைக் கடையும் ரீபோர், பிஸ்டன் கிட், வால்வு வேலை எல்லாம் சேர்த்து 6,900 ரேண்ட். வேண்டாம் என்றால் ஸ்ட்ரிப் செய்த கூலி 1,450 கட்டிவிட்டு வண்டியை எடுத்துப் போகலாம், ஆனால் திரும்ப மாட்டித்தர மாட்டோம், கழற்றிய பாகங்களைப் பெட்டியில் போட்டுத் தருவோம் என்கிறார்கள்.

ஓட்டிக்கொண்டு போய் விட்ட வண்டி. அதை இப்போது பெட்டியில் எடுத்து வர வேண்டுமா? கூலி இவ்வளவு ஆகும் என்று ஒருவர்கூட என்னிடம் சொல்லவில்லை. நான் ஓகே சொன்னதும் உண்மைதான். என்ன செய்வது?

லெனேசியா வாசி:

தம்பி, எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம், இங்கே ஜோஹன்னஸ்பர்க்குக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நீங்கள் அந்தச் சொல்லை எப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று எனக்குப் புரிகிறது. நம் ஊரில் மெக்கானிக் ‘இன்ஜின் இறக்கணும்’ என்று சொன்னாலே வயிறு கலங்கும். எவ்வளவு ஆகும், எத்தனை நாள், சிலிண்டருக்கு யார் போர் போடுவது என்று உடனே பத்துக் கேள்வி கேட்போம். மேல் பாதியை மட்டும் பிரிக்கும் ஹாஃப் இன்ஜினா, முழுதும் பிரிக்கும் ஃபுல் இன்ஜினா என்று கேட்காமல் யாரும் வண்டியை விட்டுவிட்டு வர மாட்டோம். ‘ஸ்ட்ரிப்’ என்ற சொல்லில் அந்தப் பயம் இல்லை. இங்கே ஸ்ட்ரிப் என்றாலும் இன்ஜினைப் பிரிப்பதுதான், இரண்டும் ஒரே வேலை, ஆனால் சொல் புதிது என்பதால் நமக்கு உறைப்பதில்லை.

மெரேபேங்க் ரைடர்:

எல்லாப் பட்டறையும் இப்படித்தான். ஒரு பைசா கொடுக்காதீர்கள். பெட்டியை வாங்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போங்கள். முதலில் பிரித்துப் போடுவார்கள், பிறகு வேறு எங்கும் கொண்டுபோக முடியாது என்பதால் கேட்ட விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நான் இரண்டு முறை பட்டுவிட்டேன்.

ஃபீனிக்ஸ் பட்டறை:

நான் 27 வருஷமாக ஃபீனிக்ஸில் மோட்டார் சைக்கிள் வேலை செய்கிறேன், அதனால் அடுத்த பக்கத்தையும் சொல்ல வேண்டும். என் தமிழ் ஆயாவிடமும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் கற்றது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுத் தமிழில் சமையலுக்கும் கோயிலுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் சொல் இருக்கிறது, இன்ஜினுக்கு இல்லை. அதை நான் ஆங்கிலத்தில்தான் கற்றேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்களிடம் பேசும்போது நானும் தடுமாறியிருக்கிறேன்.

ஸ்ட்ரிப் அண்ட் கோட் ஏமாற்று வேலை கிடையாது. மூடியிருக்கும் இன்ஜினுக்குள் என்ன தேய்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் முழுதாகச் சொல்ல முடியாது. டேங்கைக் கழற்றி, கார்புரேட்டரை எடுத்து, ஹெட்டைத் தூக்கி, சிலிண்டரை உருவி, சுத்தம் செய்து அளந்து பார்க்க அரை நாள் போகும். திரும்ப மாட்டப் புது கேஸ்கெட் வேண்டும், பழையதை அப்படியே வைக்க முடியாது. இது எல்லாம் ஒருவனுடைய உழைப்பு. பிரித்துப் பார்த்து விலை சொன்ன பிறகு ‘வேண்டாம், என் மச்சான் செய்துகொள்வான்’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். கூலி கேட்டால் நாங்கள் திருடர்கள். மெரேபேங்க் தம்பி, இதை உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் சாட்ஸ்வொர்த் தம்பிக்கு நடந்ததில் ஒரு தவறு எனக்கே தெரிகிறது. ஸ்ட்ரிப் கூலி எவ்வளவு என்பதைப் பிரிப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். நான் போனில் சொல்வதோடு நிறுத்த மாட்டேன், வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பி, அவர் ‘சரி’ என்று பதில் போட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன்.

இன்னும் இரண்டு கேள்வி. பிரிப்பதற்கு முன்னால் வால்வு இடைவெளியை அளந்தார்களா? சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு வருகிறது என்று கம்ப்ரஷன் பார்த்தார்களா? அப்புறம் நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள், வண்டி ஆயில் குடிக்கிறதா?

பிஎம்பி ஸ்கூட்டர்:

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன், சட்டம் படித்தவள். பட்டறைக்காரர் அண்ணா தவறு என்று சொன்ன அந்த இடம் சட்டத்திலேயே தெளிவாக இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண், 2011-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 15-ஆம் பிரிவு பழுதுபார்ப்பு, பராமரிப்பு வேலைகளைப் பற்றியது. மதிப்பீடு கொடுத்து, அதற்கு நீங்கள் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அல்லது மதிப்பீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து வேலைக்கு ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் இந்தத் தொகை வரைக்கும் செய்யலாம் என்று முன்பே அனுமதித்திருக்க வேண்டும். எதுவும் இல்லாமல் கட்டணம் வாங்க முடியாது.

உங்களுக்கு முக்கியம் அடுத்த வரி. மதிப்பீடு தயாரிப்பதற்கே கட்டணம் வாங்கக் கூடாது. பழுதைக் கண்டுபிடிக்கும் வேலை, பிரிப்பது, திரும்ப மாட்டுவது எல்லாம் அதில் அடக்கம். அதற்குக் கட்டணம் வேண்டுமென்றால், பிரிப்பதற்கு முன்பே விலையைச் சொல்லி உங்கள் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். ‘ஸ்ட்ரிப் பண்ணட்டுமா’ என்று கேட்டதற்கு நீங்கள் ஓகே சொன்னது சம்மதம்தான், ஆனால் விலை சொல்லாமல் வாங்கிய சம்மதம். என் கருத்தில் 1,450 ரேண்ட் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை.

22-ஆம் பிரிவையும் சொல்ல வேண்டும். நுகர்வோருக்குக் கொடுக்கும் ஆவணங்கள் எளிய மொழியில் இருக்க வேண்டும் என்கிறது அது. அந்தச் சேவையில் அனுபவம் அதிகம் இல்லாத, சராசரி எழுத்தறிவுள்ள ஒருவர் பெரிதாக மெனக்கெடாமலே புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். போன் பேச்சை அந்தப் பிரிவில் கொண்டுவருவது கஷ்டம். ஜாப் கார்டும் பில்லும் ஆவணம்தான்.

மெரேபேங்க் ரைடர் சொல்வதுபோல் பணம் கொடுக்க மாட்டேன் என்று போய்ச் சண்டை போடாதீர்கள். ஒப்புதல் கொடுத்த வேலைக்குப் பணம் வரும் வரை வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை பட்டறைக்கு உண்டு. எது ஒப்புதலுடன் செய்த வேலை, எது இல்லை என்பதைப் பிரித்துப் பேச வேண்டும்.

சாட்ஸ்வொர்த் 125:

அக்கா, மிக்க நன்றி. இதை அப்படியே எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஃபீனிக்ஸ் அண்ணே, நீங்கள் கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். ஆயில் குறைகிறது. ஐந்தாறு மாதமாக, சுமார் 800 கிலோமீட்டருக்கு ஒரு முறை கால் லிட்டர் போல ஊற்றிக்கொண்டிருந்தேன். இதைப் பட்டறையில் சொல்லவில்லை. ஆயில் குறைவதற்கும் சத்தத்துக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வால்வு, கம்ப்ரஷன் எதையாவது அளந்தார்களா என்று தெரியாது.

ஃபீனிக்ஸ் பட்டறை:

அப்படியென்றால் தம்பி, அவர்கள் சொல்லும் பழுது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்த இன்ஜினுக்கு மொத்த ஆயிலே ஒரு லிட்டர் அளவுதான். 800 கிலோமீட்டரில் கால் லிட்டர் போனால், வெளியே ஒழுக்கு இல்லை என்றால், அது எரிந்துதான் போகிறது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கலாம், வால்வு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் போயிருக்கலாம். குளிரில் வரும் சத்தம் சூடானதும் குறைவது, பிஸ்டன் சிலிண்டருக்குள் தளர்ந்து தட்டுவதால் வரலாம். சூடானால் பிஸ்டன் விரிந்து இடைவெளி குறையும், சத்தமும் குறையும்.

ஆனாலும் வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை வைத்து வால்வு இடைவெளி பார்க்க வேண்டும், இருபது நிமிட வேலை. அடுத்து பிளக்கைக் கழற்றி கம்ப்ரஷன் கேஜ் மாட்டி அளக்க வேண்டும். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். இப்போது ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. இவ்வளவும் பிரிக்காமல் செய்யக் கூடியது. இதைச் செய்து எண்களை உங்களிடம் சொல்லிவிட்டுப் பிரித்திருந்தால் நீங்கள் இன்று இப்படி எழுத மாட்டீர்கள்.

போனால் இதைக் கேளுங்கள். சிலிண்டரை எத்தனை இடத்தில் அளந்தீர்கள்? ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து முனை இடைவெளி எவ்வளவு வந்தது? கம்பெனி சர்வீஸ் புத்தகத்தில் அதன் எல்லை எவ்வளவு? சிலிண்டர் எல்லைக்குள் இருந்தால் ரீபோர் வேண்டாம், ஹோன் போட்டுப் புது ரிங் போதும். ரீபோர் என்றால் சிலிண்டரையே பெரிதாகக் கடைந்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் கூடிய பிஸ்டன் போட வேண்டும். ஹோன் என்றால் சுவரில் மெல்லிய குறுக்குக் கீறல் மட்டும் போடுவது, புது ரிங் அதில் உரசிப் படிவதற்காக. இரண்டையும் வாடிக்கையாளரிடம் ‘போர் வேலை’ என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள், விலையில் பாதிக்குப் பாதி வித்தியாசம் வரும்.

மெரேபேங்க் ரைடர்:

சரி அண்ணே, நீங்கள் நேர்மையாகப் பேசுகிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், இதற்கும் பதில் சொல்லுங்கள். பில்லில் ‘டேப்பட் 350 ரேண்ட்’ என்று இருந்தது. டேப்பட் புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று பணம் கட்டினேன். இரண்டு மாதத்தில் மறுபடி சத்தம். வேறு மெக்கானிக் திறந்து பார்த்து, உள்ளே எல்லாம் கம்பெனியில் போட்ட பழைய பாகம், எதையும் மாற்றவே இல்லை என்றார். திரும்பிப் போய்க் கேட்டால் சிரித்தார்கள். அது ஏமாற்று இல்லையா?

ஃபீனிக்ஸ் பட்டறை:

இல்லை தம்பி. ஆனால் அவர்கள் சிரித்தது தவறு. இந்த ஊரில் ‘டேப்பட் செய்தோம்’ என்றால் வால்வு இடைவெளியைச் சரிசெய்தோம் என்று பொருள். பாகம் எதுவும் மாறாது. உங்கள் வண்டி போன்றவற்றில் வால்வை அமுக்கும் ராக்கர் முனையில் ஒரு ஸ்க்ரூவும் நட்டும் இருக்கும், அதைத் தளர்த்தி, கேஜ் வைத்து, இறுக்குவோம். பெரிய வண்டிகளில் ஸ்க்ரூ கிடையாது, ஷிம் என்ற சின்ன வட்டத் தகட்டை மாற்ற வேண்டும், பலவற்றில் அதற்காக கேம் ஷாஃப்டையே கழற்ற வேண்டியிருக்கும், அதனால்தான் அங்கே கூலி பல மடங்கு. 350 என்பது சரிசெய்த கூலி. உங்களுக்கு அது பொருளின் விலையாகத் தெரிந்திருக்கிறது. கூலி, பாகம் என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதியிருந்தால் இந்தச் சண்டையே இல்லை.

இரண்டு மாதத்தில் சத்தம் திரும்பியதற்கு அவர்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும், அதில் உங்கள் பக்கம்தான் நியாயம்.

டோங்காட் பழைய ஓட்டுநர்:

இந்தப் பேச்சைப் படித்துக்கொண்டே வந்தேன். எனக்கு 71 வயது, இன்னும் வண்டி ஓட்டுகிறேன். எனக்கு நடந்தது பிரேக்கில். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் எழுதுகிறேன்.

முன் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்று விட்டேன். பில்லில் ‘பிரேக் ப்ளீட்’ என்று இருந்தது. பழைய பிரேக் ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புதிது ஊற்றியிருக்கிறார்கள் என்று நம்பிவிட்டேன். நாலு மாதம் கழித்து பலிட்டோ பக்கத்து இறக்கத்தில் லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டது. பின் பிரேக்கால் நிறுத்தினேன். பேரன் மூடியைத் திறந்து பார்த்தால் ஆயில் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருக்கிறது. ப்ளீட் என்றால் குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுவது மட்டுமாம், ஆயிலை முழுக்க மாற்றுவதற்கு ஃப்ளஷ் என்று தனியாகச் சொல்ல வேண்டுமாம்.

டாட் 4 ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நாங்கள் இருப்பது கடலோரம். பிரேக் சூடானால் அந்த ஈரம் ஆவியாகும், ஆவி அமுங்கும், லீவர் உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று பல வண்டிகளின் புத்தகத்தில் இருக்கிறது. நான் அதைப் படித்ததே இல்லை. இப்போது நான் அந்த ஆங்கிலச் சொற்களையே பயன்படுத்துவதில்லை. ‘பழைய ஆயில் ஒரு சொட்டு மிச்சம் இல்லாமல் புதிது ஊற்று’ என்கிறேன்.

லெனேசியா வாசி:

ஐயா, நீங்கள் நலமாக இருப்பது பெரிய விஷயம். அந்த இறக்கம் எனக்கும் தெரியும்.

என் அனுபவமும் ஒன்று. டர்பனில் வாங்கிய கார்புரேட்டர் வண்டியை இங்கே மேலே கொண்டு வந்தேன். இழுவை இல்லை, பிளக் கரி பிடித்தது. மெக்கானிக் ‘ரிச்சாக ஓடுகிறது’ என்றார். ரிச் என்றால் நல்லதுதானே என்று நான் விட்டுவிட்டேன், அவரும் அதற்கு மேல் விளக்கவில்லை. காற்றுக்குப் பெட்ரோல் அதிகம் சேர்கிறது என்று பொருளாம். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம், காற்று மெல்லிசு, ஆனால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் டர்பனுக்கு ஏற்றது. மூன்று மாதம் அப்படியே ஓட்டியபிறகு வேறொருவர் சின்ன ஜெட் போட்டுச் சரிசெய்தார். பிறகு விடுமுறைக்கு அதே வண்டியில் என்3 வழியாக டர்பனுக்கு இறங்கினால் அங்கே பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதிக்கிறது. அதற்கு ‘லீன்’ என்று பெயர். ரிச், லீன் என்ற இரண்டு சொல்லை யாராவது ஒரு நிமிடம் விளக்கியிருந்தால் எனக்கு இரண்டு பிளக்கும் மூன்று மாதப் பெட்ரோலும் மிச்சமாகியிருக்கும்.

பிஎம்பி ஸ்கூட்டர்:

இன்ஜின் சொற்கள் மட்டும் இல்லை, நேரத்தைச் சொல்லும் சொல்லிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த என் தோழி ஒருத்தி பட்டறையில் ‘ஜஸ்ட் நவ் ரெடி’ என்றதை நம்பி நாலு மணி நேரம் வாசலில் நின்றாள். இந்த நாட்டில் ஜஸ்ட் நவ் என்றால் கொஞ்ச நேரம் கழித்து, எப்போது என்று சொல்ல முடியாது. சீக்கிரம் என்பதற்கு ‘நவ் நவ்’ என்பார்கள். கராஜ் என்று இங்கே பெட்ரோல் பங்க்கையும் சொல்வார்கள், வண்டியைக் கராஜில் விட்டிருக்கிறேன் என்றால் எந்தக் கராஜ் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மெரேபேங்க் ரைடர்:

பாகங்களைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். ‘பைரேட் பார்ட்’ போட்டால் பாதி விலை என்கிறார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது, திருட்டுப் பொருளா?

ஃபீனிக்ஸ் பட்டறை:

திருட்டுப் பொருள் இல்லை. வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வராத எதையும் இங்கே பழக்கத்தில் பைரேட் என்று சொல்லிவிடுகிறோம், அது எங்கள் தொழிலின் சோம்பேறித்தனம். அந்த ஒரு சொல்லுக்குள் நாலு தரம் இருக்கிறது. வண்டிக் கம்பெனிக்கே செய்துகொடுக்கும் தொழிற்சாலை அதே பொருளைத் தன் பெயரில் விற்பது உண்டு, என்ஜிகே பிளக் அப்படித்தான், ஹோண்டா உட்படப் பல கம்பெனிக்கு அவர்கள்தான் கொடுக்கிறார்கள். அது குறைந்த பொருள் கிடையாது. அடுத்து, பெயர் உள்ள வேறு கம்பெனி செய்தது, பெரும்பாலும் நன்றாக இருக்கும். மூன்றாவது, பெயரே இல்லாதது. நாலாவது, பெரிய கம்பெனியின் பெட்டியைப் போலியாக அச்சடித்தது, இதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. ‘ரீகான்’ என்பது வேறு, பழையதைச் சீர்செய்தது, புதிது என்ற பெயரில் அதை விற்கக் கூடாது. விலை கேட்கும்போது எந்தப் பெயர், எந்தப் பெட்டி என்று கேளுங்கள், பைரேட்டா ஒரிஜினலா என்று மட்டும் கேட்டால் சரியான பதில் வராது.

ஆயிலிலும் ஒன்று, சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் வண்டியில் கிளட்ச் அதே ஆயிலில்தான் முழுகியிருக்கிறது. ஜாசோ எம்ஏ என்ற தரக் குறியீடு டப்பாவில் போட்டிருக்கும் ஆயில்தான் வேண்டும். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் இருக்கும், கிளட்ச் வழுக்கும். ‘ஆயில் ஆயில்தானே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாட்ஸ்வொர்த் 125:

இன்று காலை போய்ப் பேசிவிட்டு வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

உரிமையாளரையே பார்க்கக் கேட்டேன். அவர் கோபமாகத்தான் ஆரம்பித்தார், நீங்கள்தானே ஓகே சொன்னீர்கள் என்றார். ஆமாம் ஐயா, சொன்னேன், ஆனால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றும் எனக்குத் தெரியாது என்றேன். பிஎம்பி அக்கா எழுதியதைப் போனில் காட்டினேன். 15-ஆம் பிரிவு என்றதும் கவுண்டரில் இருந்தவரைக் கூப்பிட்டு, விலை சொன்னாயா என்று கேட்டார். அவர் சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சு மாறிவிட்டது.

ஃபீனிக்ஸ் அண்ணே கேட்கச் சொன்னதையும் கேட்டேன். பிரிப்பதற்கு முன் எதையும் அளக்கவில்லை. ஆனால் பிரித்த பிறகு அவர் என் கண் முன்னால் அளந்து காட்டினார். ரிங்கை சிலிண்டருக்குள் தள்ளி, கேஜ் தகட்டை இடைவெளியில் விட்டால் அது ஆடுகிறது. புத்தகத்தில் உள்ள எல்லையைத் தாண்டிவிட்டது. ரிங் போய்விட்டது என்று அவர்கள் சொன்னது உண்மை. சிலிண்டரை மேலே, நடுவில், கீழே மூன்று இடத்தில் அளந்தார், அது எல்லைக்குள்தான் இருக்கிறது. அப்படியானால் ரீபோர் எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஹோன் போட்டால் போதும், ரீபோர் செய்தால் நாள்பட உழைக்கும் என்று எழுதினோம் என்றார்.

முடிவாக ஸ்ட்ரிப் கூலி இல்லை. ஹோன், புது ரிங், வால்வு சீல், கேஸ்கெட், ஆயில், கூலி, 15% வாட் எல்லாம் சேர்த்து 3,350 ரேண்ட். ஒவ்வொன்றும் தனி வரியில், கூலி தனியாகப் பாகம் தனியாக எழுதித் தந்தார். டேப்பட் என்று இருந்ததை அடித்துவிட்டு ‘வால்வு இடைவெளி சரிசெய்தல், பாகம் மாற்றவில்லை’ என்று அவர் கையாலேயே எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

ஆயில் குறைவதை நான் முதல் நாளே சொல்லியிருந்தால் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு அன்றே விலை சொல்லியிருப்பேன் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பிஎம்பி ஸ்கூட்டர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. இன்னும் இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். 67-ஆம் பிரிவுப்படி அவற்றை மற்ற வண்டிகளின் பாகங்களோடு கலக்காமல் தனியாக வைத்திருந்து, ஓரளவு சுத்தமான பையிலோ பெட்டியிலோ உங்களிடம் திருப்பித் தர வேண்டும், வேண்டாம் என்று நீங்களே சொன்னால் தவிர. 57-ஆம் பிரிவுப்படி போட்ட புதுப் பாகத்துக்கும், அதைப் பொருத்திய வேலைக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் உண்டு. சாதாரணத் தேய்மானத்துக்கும் தவறாகப் பயன்படுத்தியதற்கும் அது பொருந்தாது. பில்லில் தேதி இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

பேச்சு முறிந்திருந்தால் அடுத்த இடம் மியோசா, அதாவது மோட்டார் தொழில்துறைக்கான குறைதீர்ப்பாளர். முதலில் பட்டறையிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். உங்களுக்கு அது தேவைப்படவில்லை.

மெரேபேங்க் ரைடர்:

நான் முதலில் எழுதியது அவசரப்பட்டு எழுதியது. பெட்டியை வாங்கிக்கொண்டு போ என்ற என் பேச்சைக் கேட்டிருந்தால் தம்பி இப்போது பிரித்த இன்ஜினோடு தெருவில் நின்றிருப்பார். என் பழைய டேப்பட் பில்லை எடுத்துப் பார்த்தேன், புதுப் பாகம் எதுவும் போடாததால் 57-ஆம் பிரிவு எனக்குப் பொருந்தாது என்று புரிகிறது. 

சாட்ஸ்வொர்த் 125:

வண்டி நேற்று மாலை வந்துவிட்டது. காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்து பக்கத்திலேயே நின்று கேட்டேன், அந்த டக் டக் பெரும்பாலும் போய்விட்டது, மிகக் கொஞ்சம் இருக்கிறது. பழைய ரிங், சீல், கேஸ்கெட் எல்லாம் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் தந்தார்கள். பழைய ரிங்கைப் புது ரிங் பெட்டியில் இருந்த படத்தோடு வைத்துப் பார்த்தேன், விளிம்பு எப்படித் தேய்ந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரிகிறது.

ஃபீனிக்ஸ் அண்ணே, இனிமேல் எப்படி ஓட்ட வேண்டும்? ‘ரன் இன் பண்ணு’ என்று மட்டும் சொன்னார்கள்.

ஃபீனிக்ஸ் பட்டறை:

கொஞ்சம் மிச்சமிருக்கும் சத்தம் பிஸ்டனுடையது, பழைய பிஸ்டன் அப்படியே இருக்கிறதே. அதனால் இப்போது கெடுதல் இல்லை. கூடினால் மட்டும் காட்டு.

ரன் இன் என்றால் மெதுவாகவே உருட்டிக்கொண்டு போவது இல்லை, அதையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ரிங் சிலிண்டர் சுவரில் படிய வேண்டும், அதற்குக் கொஞ்சம் சுமை வேண்டும். முதல் 500 கிலோமீட்டர் முழு திராட்டில் கொடுக்காதே, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டு. மேல் கியரில் இழுக்க முடியாமல் திணற விடாதே. ஹிகின்சனில் காலை நெரிசலில் வண்டி ரொம்ப நேரம் நின்றால் இன்ஜினை அணைத்துவிடு, ஏர் கூல்டு, காற்று படாமல் சூடாகும். 500-இல் ஆயிலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்று, இறக்கிய ஆயிலை வெளிச்சத்தில் பார், மெல்லிய உலோகப் பொடி மினுங்கினால் பயப்படாதே, துண்டு துண்டாக இருந்தால் உடனே எனக்குப் படம் அனுப்பு. அப்போதே வால்வு இடைவெளியையும் ஒரு முறை ஆறிய இன்ஜினில் பார்க்கச் சொல். வாரா வாரம் ஆயில் அளவைப் பார்த்து எழுதி வை, தம்பி.